நீச்சல் தெரியாதவர் ஜன்ஸ்கார் ஆற்றில் இறங்கலாமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பகுதி முழுக்க ஒரே விஷயம்தான். லடாக்கில் ஜன்ஸ்கார் ஆற்றின் மலையிடுக்கு வழியே, இரவில் கரையில் கூடாரம் போட்டுத் தங்கியபடி, நாலைந்து நாள் ரப்பர் படகில் போகிற ராஃப்டிங் பயணம். ஜூலை, ஆகஸ்ட் சீசனுக்கு இப்போதே திட்டம் போடுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

ரிஷிகேஷில் ஒரு நாள் ராஃப்டிங் போயிருக்கிறேன். ஜன்ஸ்காரும் அதே மாதிரிதானே சார், கொஞ்சம் நீளம், அவ்வளவுதானே? (ஈரோடு)

அவ்வளவுதான் இல்லை. ரிஷிகேஷில் சிவபுரியில் ஏறினால் 16 கிலோமீட்டர், இரண்டு மூன்று மணி நேரம், பத்ரிநாத் ரோடு மேலே கூடவே வரும், ஈரத்துணியோடு மதியச் சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குத் திரும்பிவிடலாம். ஜன்ஸ்காரில் பதும் என்ற ஊர்ப் பக்கம் படகில் ஏறினால், அந்த ஆறு சிந்து நதியில் சேருகிற நிம்முவில்தான் இறங்குவீர்கள். நடுவே 120 கிலோமீட்டருக்கு மேல். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் ஏறி 3,100 சொச்சத்தில் இறங்குகிறீர்கள், அதாவது பயணம் முடிகிற இடமே நம் தொட்டபெட்டாவைவிட உயரம்.

தோடா, சாரப் என்று இரண்டு ஆறுகள் பதும் அருகே சேர்ந்து ஜன்ஸ்கார் ஆகின்றன. தோடா வருவது பென்சி லா கணவாய்க்குப் பக்கத்திலுள்ள டிராங் டுரங் பனியாற்றிலிருந்து. தொடக்கத்தில் அகலமான பள்ளத்தாக்கு, வயல், மடாலயம், பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது, சிலருக்கு இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுகூடத் தோன்றும். அப்புறம் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி வரும். நேரக் என்ற கிராமத்தை ஒட்டி ஆறு மிகவும் குறுகிப்போகும் இடங்கள் இருக்கின்றன. அங்கே படகை ஓரம் கட்டவே கரை கிடைக்காது.

உலகம் முழுக்க ரேப்பிட்டுகளை (ஆறு சீறிப் பாய்கிற இடங்களை) 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். ஜன்ஸ்காரில் பெரும்பாலும் 2, 3, சில இடங்களில் 4. ரிஷிகேஷிலும் 3, 4 உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பலரும் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பல நாள் போவதாக இருந்தாலோ அந்த ஆற்றை ஒரு படி கூடுதல் கடினமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இந்த அளவுகோலின் பழைய வடிவத்திலேயே எழுதியிருந்தார்கள். ஜன்ஸ்காருக்கு இரண்டுமே பொருந்தும். விழுந்தால் என்ன ஆகும் என்பதை வைத்து ஆற்றை எடை போடுங்கள், அலை எவ்வளவு உயரம் என்பதை வைத்து அல்ல.

எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் இருப்பதால் பரவாயில்லை என்று டூர்க்காரர் சொல்கிறார். நம்பலாமா? (திண்டுக்கல், தஞ்சாவூர், சென்னை)

இதே கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது. டூர்க்காரர் சொல்வதில் பாதி உண்மை. ரேப்பிட்டுக்குள் விழுந்த யாரும் ஸ்விம்மிங் பூலில் அடிப்பதுபோல நீச்சலடித்துத் தப்பிப்பதில்லை, மிதக்க வைப்பது ஜாக்கெட்தான். மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்ததும் பதறாமல் மூச்சை அடக்கிக்கொள்கிற பழக்கம் நீச்சல் தெரிந்தவருக்கு இருக்கும், தெரியாதவருக்கு இருக்காது. அந்தப் பதற்றம் ரேப்பிட்டைவிட மோசம்.

அதனால் என் பதில்: அதே ஆற்றில் சில்லிங் என்ற ஊரிலிருந்து நிம்மு வரை ஒரு நாள் ராஃப்டிங் இருக்கிறது, நீச்சல் தெரியாவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல நாள் பயணம்தான் வேண்டும் என்றால் போய் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், சீசனுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. போட்டி நீச்சல் வேண்டாம், தலை மூழ்கி எழுந்தால் பயப்படாத அளவுக்கு வந்தால் போதும்.

விழுந்தால் என்ன செய்வது என்று முதல் நாள் கரையில் கைடு சொல்லிக்கொடுப்பார், அந்த நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். மல்லாந்து படுங்கள். கால்கள் ஆறு போகிற திசையில், கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்துக்கொள்ளத்தான் இந்த நிலை. அலையின் பள்ளத்தில் மூச்சை இழுத்து, முகட்டில் வாயை மூடுங்கள். எக்காரணம் கொண்டும் ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாதம் பாறை இடுக்கில் சிக்கினால் பின்னாலிருந்து வருகிற தண்ணீர் உங்களை முன்பக்கம் மடக்கி அமுக்கிவிடும், இடுப்பளவு தண்ணீர் போதும் இதற்கு. பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுற்றித் திரும்புகிற அமைதியான இடத்தை எடி என்பார்கள். கைடு அதைக் காட்டி "நீந்து" என்று கத்தினால் மட்டும் குப்புறத் திரும்பி, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு நீந்துங்கள். கயிறு வீசினால் (அது ஒரு சின்னப் பையோடு வரும்) பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள், தோளுக்கு மேலாகப் போட்டுக்கொண்டு மல்லாந்து இருங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. அது இறுகினால் உங்களால் விடுவிக்க முடியாது.

விழுந்தவரைப் படகுக்குள் இழுப்பதற்கும் முறை உண்டு. கையைப் பிடித்து இழுத்தால் தோள்தான் கழன்று வரும். ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்துக்கொண்டு நீங்கள் படகுக்குள் பின்பக்கமாகச் சாய வேண்டும், உங்கள் எடையே அவரைத் தூக்கிவிடும். மெலிந்த பெண் ஒருவர் நூறு கிலோ ஆளை இப்படி இழுத்துப் போட முடியும்.

வருஷா வருஷம் ஒகேனக்கல்லில் பரிசலில் போகிறோம். அந்த அனுபவம் போதுமா? (தர்மபுரி)

பரிசல் ஓட்டுகிறவர் நீங்கள் என்றால் போதும், இந்தப் பகுதியை நீங்களே எழுதலாம். உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டு போனவர் என்றால் போதாது! முன்பழக்கம் வேண்டுமானால் தெற்கிலேயே இடம் உண்டு. மழைக்காலத்தில் குடகில் பாரபோளே ஆறு, வட கர்நாடகத்தில் தாண்டேலியில் காளி ஆறு. காளியில் மேலே சூபா அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவதைப் பொறுத்துத்தான் ராஃப்டிங், அதனால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

தண்ணீர் அவ்வளவு குளிரா? ஜூலை மாதம் வெயில் காலம்தானே அண்ணா? (திருநெல்வேலி)

வெயில் காலம்தான் தம்பி, பகலில் தோல் உரிகிற வெயில். ஆனால் அந்த வெயிலில் உருகி வருகிற பனிதான் ஆறாக ஓடுகிறது, அதனால் வெயில் ஏற ஏறக் குளிர்ந்த தண்ணீர்தான் கூடுதலாக வரும்.

குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவர்களைப் பற்றி மீட்புக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஒரு நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு மணி நேரம். முதல் நிமிஷம் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது, வாய் தானாகத் திறந்து இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. அடுத்த பத்து நிமிஷம்தான் கையும் காலும் ஒழுங்காக வேலை செய்யும், அதற்குள் படகையோ கயிற்றையோ பிடித்துவிட வேண்டும். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஒரு மணி நேரம்போல ஆகும். மிகவும் குளிர்ந்த தண்ணீருக்கான தோராயமான கணக்கு இது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பெரும்பாலானவர்களுக்கு உயிர் போவது கடைசி மணி நேரத்தில் அல்ல, முதல் இரண்டு கட்டங்களில். அதனால்தான் ஜாக்கெட்டின் பக்கிளைத் தளர்த்திவிட்டு உட்காராதீர்கள் என்று கைடு திரும்பத் திரும்பக் கத்துகிறார்.

உடுப்பு விஷயம்: ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டவே வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி, மேலே வெட்சூட் (உடம்போடு ஒட்டி நிற்கிற ரப்பர் உடை), அதற்கும் மேலே காற்று புகாத மேல்சட்டை. வெட்சூட்டைப் பெரும்பாலும் நிறுவனமே தரும், உங்கள் அளவில் இருக்கிறதா என்று லடாக்கின் லே நகரிலேயே போட்டுப் பாருங்கள், தொளதொளவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பிரயோஜனமில்லை. காலில் வார் வைத்த செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ, ஹவாய் செருப்பு முதல் அலையிலேயே ஆற்றோடு போய்விடும். கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், இன்னொரு கண்ணாடியும் பையில் இருக்கட்டும். இரவுக்கு உலர்ந்த துணி ஒரு செட் எப்போதும் டிரை பேகில் இருக்க வேண்டும், பையின் வாயைக் காற்றை வெளியேற்றி மூன்று முறையாவது சுருட்டிப் பூட்டினால்தான் தண்ணீர் புகாது.

என் பையனுக்கு 11 வயது, ரொம்பத் தைரியசாலி. கூட்டிப் போகலாமா? (சேலம்)

வேண்டாம் அம்மா. 14 வயதுக்குக் கீழே பெரும்பாலும் யாரும் ஏற்ற மாட்டார்கள், பல நாள் பயணத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள். யாராவது சரி என்று சொன்னால் அந்த நிறுவனத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், தைரியம் இதில் ஒன்றும் செய்ய முடியாது. சிந்து நதியில் ஃபேயிலிருந்து நிம்மு வரை சாதுவான பகுதி இருக்கிறது, அங்கே குழந்தைகளை ஏற்றுவார்களா என்று லேயில் விசாரியுங்கள்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 61. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகள் போகக் கூடாது என்கிறாள். (மதுரை)

மகள் சொல்வதை அப்படியே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். வயது தடையில்லை. துடுப்பு போடுவதற்குத் தோள் பலத்தைவிட இடுப்புதான் முக்கியம், படகின் ஓரத்தில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து எழ வேண்டும், முதுகு வலி இருந்தால் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். இருதய நோய், வலிப்பு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் இருந்தால் கூடாது. ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல முடியாது.

அவரிடம் ராஃப்டிங் என்று மட்டும் சொல்லாமல் உயரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 3,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். லேக்கு விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் இரண்டு நாளாவது சும்மா இருக்க வேண்டும். கடைத்தெருவில் சுற்றுவது சும்மா இருப்பதில் சேராது, சாந்தி ஸ்தூபிக்குப் படியேறுவதும் சேராது. உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று போடாதீர்கள், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது பிரச்சினை. அப்புறம், பதும் போகிற வழியில் கார்கில் தாண்டி பென்சி லாவில் 4,400 மீட்டர் ஏறி இறங்குகிறீர்கள். தலைவலி, வாந்தியோடு படகில் ஏறுகிறவருக்கு வயது 25 ஆக இருந்தாலும் நான் இடம் தர மாட்டேன்.

பெண்கள் நாலு பேர் சேர்ந்து போகிறோம். யாரும் வெளிப்படையாகச் சொல்லாத விஷயம்: கழிப்பறை, மாதவிடாய். (கோவை)

கேட்டதே நல்லது. முகாமில் சின்னக் கூடாரத்தைக் கழிப்பறையாகப் போடுவார்கள். சில நிறுவனங்கள் குழி தோண்டும், நல்ல நிறுவனங்கள் கழிவை மூடிய டப்பாவில் போட்டுப் படகிலேயே ஏற்றிக் கீழே கொண்டுவரும். முன்பதிவு செய்யும்போதே இது எப்படி என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் அவர்களுக்கு அதைப் பற்றி யோசனையே இல்லை என்று அர்த்தம். பகலில் நிறுத்த வேண்டுமானால் கைடிடம் சொல்லத் தயங்காதீர்கள், அவருக்கு இது தினசரி விஷயம். முன்கூட்டியே சொன்னால்தான் கரை கிடைக்கிற இடத்தில் ஒதுக்க முடியும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்கள் அதிகம் செய்வது, அந்த உயரத்தில் அதுதான் தலைவலியை இழுத்துவரும்.

மாதவிடாய் நாளில் வெட்சூட்டோடு பேட் வேலைக்காகாது, நனைந்து கனத்துவிடும். மாதவிடாய் கப் பழகியவர்களுக்குப் பிரச்சினையில்லை, பழகாதவர்கள் ஊரிலேயே இரண்டு மூன்று மாதம் முன்பு பழகிக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் முதன்முதலாக முயற்சி செய்கிற விஷயமில்லை அது. பயன்படுத்தியவற்றை இரட்டைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும், புதைக்கக் கூடாது, அந்தக் குளிர்ந்த வறண்ட மண்ணில் எதுவும் எளிதில் மக்காது. வெட்சூட்டைத் தனியாகக் கழற்றிப் போட நேரமாகும், காலையில் மற்றவர்களுக்கு முன்பே எழுந்துவிடுவது வசதி.

ஜூலை, ஆகஸ்டில் போகச் சொல்கிறீர்கள். மழையில் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகாதா? (கடலூர்)

இந்த நியாயமான பயத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். லடாக் இமயமலையின் மழை மறைவுப் பக்கம். லேயில் வருஷத்துக்கே சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான், சென்னையில் ஒரே நாளில் அதைவிட அதிகம் கொட்டியிருக்கிறது. அதனால்தான் மழைக்காலத்தில் ரிஷிகேஷில் ராஃப்டிங்கை மூடும்போது அங்கே வேலை பார்க்கிற கைடுகள் பலர் ஜன்ஸ்காருக்கு வருகிறார்கள், நேபாளத்திலிருந்தும் வருவார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுவது மழையால் அல்ல, வெயிலால்.

இந்த ஏற்ற இறக்கம் தினமும் நடக்கும். காலையில் ஆறு தணிந்திருக்கும், பகலில் பனி உருகும், உருகிய தண்ணீர் பனியாற்றிலிருந்து கீழே வந்து சேர நேரம் எடுக்கும், அதனால் நீங்கள் இருக்கிற இடத்தில் ஆறு ஏறுவது சாயங்காலமோ இரவோதான். எவ்வளவு கீழே இருக்கிறீர்களோ அவ்வளவு தாமதமாக ஏறும். ராத்திரி படகுகளை மேட்டில் இழுத்துப் போட்டு இரண்டு இடத்தில் கட்டுவது இதனால்தான். கூடாரத்தைத் தண்ணீர் ஓரமாகப் போட்டால் போட்டோ நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொடர்ந்து மூன்று நாள் கடும் வெயில் என்றால் நேற்று 3ஆம் தரமாக இருந்த ரேப்பிட் இன்று 4 ஆகிவிடலாம். இன்னொன்றும் உண்டு. தண்ணீர் மிக அதிகமானால் சில பாறைகள் மூழ்கி ரேப்பிட் காணாமலே போகும், சில இடங்களில் புதிதாகப் பெரிய பள்ள அலை உருவாகும். கைடு படகை நிறுத்தி, இறங்கி, பாறை மேலேறி அரை மணி நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நிற்பார். நேரம் வீணாகிறது என்று முணுமுணுக்காதீர்கள், உங்கள் பணத்துக்கு அவர் செய்கிற வேலையிலேயே உருப்படியானது அதுதான்.

அசாதாரண நாட்களும் உண்டு, மறைக்கவில்லை. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி லேயில் மேகம் வெடித்து வெள்ளமும் சேறும் ஊருக்குள் புகுந்தது. 2014 டிசம்பர் கடைசியில் சாரப் ஆற்றில் புக்தல் மடாலயத்துக்கு மேலே மலைச்சரிவு விழுந்து ஆற்றையே அடைத்தது. பின்னால் ஏரிபோலத் தேங்கிய தண்ணீர் 2015 மே 7 அன்று உடைத்துக்கொண்டு கீழே வந்து பாலங்களை அடித்துப் போனது. இப்படிப்பட்டவற்றைக் கணித்துப் பயணம் போட முடியாது. பக்க ஓடைகள் ஆற்றில் சேருகிற வாயில் முகாம் போடாத குழுவோடு போகலாம், உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான்.

எந்த நிறுவனத்தில் போவது? விலை ஏகத்துக்கும் வித்தியாசப்படுகிறதே! (திருச்சி)

பெயர் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். எத்தனை படகு போகும்? ஒரே படகு என்றால் வேண்டாம், அது கவிழ்ந்தால் உங்களைப் பொறுக்க ஆளில்லை. கூடவே கயாக் என்கிற ஒற்றையாள் படகில் மீட்பு ஆள் வருவாரா? சாமான் ஏற்றத் தனிப்படகு உண்டா, அல்லது அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே நீங்கள் உட்கார வேண்டுமா? தலைமை கைடு இந்த ஆற்றில் எத்தனை சீசன் வேலை பார்த்திருக்கிறார்? கங்கையில் பார்த்தது வேறு. ஆற்று மீட்புப் பயிற்சி, முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா, எந்த வருஷத்தது? நடுவழியில் ஒருவருக்குக் கால் முறிந்தால் எங்கே கரையேற்றி எப்படி வெளியே கொண்டுபோவீர்கள்? கடைசிக் கேள்விக்கு "அப்படியெல்லாம் ஆகாது சார்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். "இந்தக் கிராமம் வரை படகு, அங்கிருந்து இந்த வழி" என்று இடம் இடமாகச் சொல்கிறவர் பத்தாயிரம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணப் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகளை விலக்கியிருப்பார்கள், பொடி எழுத்தைப் படியுங்கள்.

மலையிடுக்குக்குள்ளேயே ரோடு போட்டுவிட்டார்களாமே. இனி ராஃப்டிங்கில் என்ன அர்த்தம்? (புதுச்சேரி)

ஆமாம். நிம்மு, பதும், தார்ச்சா என்று போகிற 298 கிலோமீட்டர் ரோடு 2024 மார்ச்சில் இணைந்துவிட்டது. மலையைக் குடைந்து போட்ட வழி, வெடி வைத்துத் தள்ளிய பாறைகள் ஆற்றில் விழுந்து சில இடங்களில் ஓட்டத்தையே மாற்றியிருக்கின்றன, மேலே ஜீப் போகிற புழுதியும் தெரியும். யாருமில்லாத மலையிடுக்கு என்று பழைய பயணக் கட்டுரைகளில் படித்ததை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஆனால் நம்மைப் போன்றவர்கள் அதற்கு அங்கலாய்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. குளிர்காலத்தில் கணவாய்களைப் பனி மூடிவிட்டால் ஜன்ஸ்கார் மக்களுக்கு வெளியுலகம் போக உறைந்த ஆற்றின் மேல் நடப்பதுதான் வழியாக இருந்தது. சாதர் என்று இப்போது டிரெக்கிங் விளம்பரங்களில் வருவது அதுதான். பிள்ளைகளை லே பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பாக்கள் அந்தப் பனிக்கட்டி மேல் பல நாள் நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக ரோடு வேண்டாமா? நாலு நாள் படகில் போகிற நமக்காக அவர்கள் காத்திருக்க முடியாது. ராஃப்டிங்குக்கே ஒரு லாபமும் உண்டு. அடிபட்டவரை வெளியே எடுப்பது சில பகுதிகளில் முன்பைவிட எளிது. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கிற பாறையடுக்குகள், சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக மடிந்து நிற்கிறவை, ஜீப்பிலிருந்து இப்படித் தெரியாது. போவதானால் தாமதிக்காதீர்கள்.

டல்லாஸில் இருக்கிறேன். இதற்காக இந்தியா வர வேண்டுமா, கிராண்ட் கேன்யன் போதாதா? (டல்லாஸ்)

தாராளமாகப் போதும், ரேப்பிட் என்று பார்த்தால் அங்கே இருக்கிற லாவா ஃபால்ஸ் போல ஒன்று ஜன்ஸ்காரில் கிடையாது. லீஸ் ஃபெரியில் ஏறி டயமண்ட் க்ரீக்கில் இறங்கினால் 226 மைல், துடுப்புப் படகில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சொந்தமாகக் குழு சேர்த்துப் போக அனுமதி குலுக்கல் முறையில்தான், கிடைக்க வருஷக்கணக்காகலாம். நிறுவனங்களோடு போனால் காசு அதிகம், இடம் சீக்கிரம். அங்கேயும் தண்ணீர் குளிர்தான், மேலே க்ளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வருவதால். உயரத்தால் வருகிற தலைவலி மட்டும் அங்கே இருக்காது.

சைவம். அங்கே சாப்பாடு எப்படி? (கும்பகோணம்)

சைவத்துக்குக் குறையில்லை. பருப்பு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், காலையில் கஞ்சியோ பராத்தாவோ. சோறு கிடைக்கும், ஆனால் 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாவிட்டால் அரிசி சரியாக வேகாது, பருப்பு சுத்தமாக வேகாது. ஆற்றுத் தண்ணீர் சாம்பல் கலங்கலாக இருக்கும், வாளியில் படிகாரம் போட்டுத் தெளியவிட்டுக் கொதிக்க வைப்பார்கள், அல்லது பக்க ஓடைத் தண்ணீரைப் பிடிப்பார்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோங்கள். சமையற்காரரிடம் கொஞ்சம் கொடுத்தால் இரண்டாம் கரண்டிக் குழம்பு உங்களுக்குத்தான்.

மொத்தம் எத்தனை நாள் லீவு போட வேண்டும்? போன் வேலை செய்யுமா? (சென்னை)

லேயில் உடம்பு பழக இரண்டு மூன்று நாள். கார்கில் வழியாகப் பதும் போக இரண்டு நாள், வழியில் ரங்துமில் நிறுத்தினால் இன்னொன்று. ஆற்றில் நாலைந்து நாள். நிம்முவிலிருந்து லே ஒரு மணி நேரத் தூரம்தான். சென்னை போக வர ஒவ்வொரு நாள். ஆக 11, 12 நாள் வேண்டும், பத்து நாளுக்குள் அடக்கித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் லேயில் இருக்க வேண்டிய நாளைத்தான் வெட்டுகிறார்கள். புது ரோடு வழியே பதும் போனால் ஒரு நாள் மிச்சமாகும், ஆனால் சரிவு விழுந்து மூடிக்கிடக்கிறதா என்று அன்றைக்குக் கேட்டுத்தான் கிளம்ப முடியும்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். மலையிடுக்குக்குள் அதுவும் எடுக்காது. சாட்டிலைட் போனை வெளிநாட்டு நண்பரிடம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். அதனால் எந்தத் தேதிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், நிறுவனத்தின் லே அலுவலக எண்ணையும் சேர்த்து.

திரும்பும் டிக்கெட்டை ஆற்றிலிருந்து வெளியே வந்த மறுநாளே போடாதீர்கள். லேயிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், மேகம் இறங்கினால் ரத்து. நடுவே ஒரு நாள் விட்டு வையுங்கள், ஈரத்துணி காயவும் அது உதவும்.